ஜன்னலோர நாற்காலி

ஊசியக்காவுக்கு மனிதர்களின் முகம் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. கையை நீட்டச் சொன்னால் ஆள் யாரென்று உடனே சொல்லிவிடுவாள். பஸ்ஸில் போகும்போதுகூடக் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் முன்கையைப் பார்த்து, இது ஊசிக்கு ஒத்துழைக்கிற நரம்பு, இது ஆட்டம் காட்டுகிற நரம்பு என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே வருவாள். "கல்யாணத்தன்னிக்கே இவ என் மூஞ்சியைப் பாக்கலைங்க, மணிக்கட்டைத்தான் பாத்தா" என்று அவள் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் மறுத்ததில்லை. பார்த்தது உண்மைதான்.

முதலில் அவள் பிடித்தது வேறு ஊசி. துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி மூடியதும் படித்து, டயாலிசிஸ் சென்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, மிஷினில் கழுவி, திரும்ப உடம்புக்குள் அனுப்புகிற வேலை. ஒன்றுவிட்டு ஒரு நாள் அவர்கள் வந்தாக வேண்டும். வராவிட்டால் குடித்த தண்ணீரும் சேர்ந்த கழிவும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் அளவுதான். வந்தவுடன் தராசில் ஏற வேண்டும். வேண்டாத தண்ணீர் இல்லாதபோது ஆளின் எடை எவ்வளவு என்று ஊசியக்காவுக்கு மனப்பாடம். அதற்கு மேல் தராசு எவ்வளவு காட்டுகிறதோ, அவ்வளவும் குடித்த தண்ணீர்.

"பேன்ட் கனம்க்கா, ஜீன்ஸ் துணி" என்று சமாளிப்பார்கள்.

"அப்ப பேன்ட்டுக்கு டயாலிசிஸ் பண்ணிடலாமா?" என்பாள் அவள்.

திட்டுவாள், முறைப்பாள், ஊசி மட்டும் வலிக்காமல் போடுவாள். அதனால் அவள் திட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அந்த நோயாளிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அன்றைக்கு அவள் கழுத்துக்கே வந்தது.

பெரும்புயல் வருகிறது என்று ரேடியோவும் டீவியும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தன. சாயங்காலம் கரையைத் தொடும், கடலோரத் தெருக்களும் கால்வாயோரத் தெருக்களும் அதற்குள் காலியாக வேண்டும் என்று உத்தரவு. சென்டர் இருந்தது கால்வாயோரத்தில், தரைத்தளத்தில். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தை முகாம் ஆக்கியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். புயலுக்குப் பிறகு பாதை எப்போது திறக்கும், மிஷின் எப்போது ஓடும் என்று எந்த மகராசனுக்கும் தெரியாது. ஆகவே போவதற்கு முன் எல்லாருக்கும் ஒரு தடவை ரத்தத்தைக் கழுவி அனுப்பிவிட வேண்டும், முழு நேரம் முடியாது, பாதி நேரம்தான் என்று டாக்டர் முடிவு செய்திருந்தார்.

விடிவதற்கு முன்பே ஆரம்பித்தாயிற்று. ஆறு மிஷின்களும் மூச்சு விடாமல் ஓடின. ஒரு கூட்டத்தை இறக்கி, நாற்காலியைத் துடைத்து, அடுத்த கூட்டத்தை ஏற்றினாள். கதவுக்கு வெளியே வாட்ச்மேன் மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டே, மூட்டைக்கு ஒரு முனகல் முனகினார். காற்று அவ்வப்போது வந்து ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மத்தியானமே பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிவிட்டது.

கடைசிக் கூட்டத்தில் ஐந்து நாற்காலி நிறைந்தது. ஜன்னலோர நாற்காலி மட்டும் காலி.

அந்த நாற்காலி 'அஞ்சு நிமிஷம்' என்று பேர் வாங்கியவனுடையது. சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன். வேனின் பக்கக் கதவு சரியாக மூடாது, கயிறு போட்டுக் கட்டியிருப்பான். ஊசி ஏறியதும் ஜன்னல் வழியாகத் தன் வேனையே பார்த்துக்கொண்டிருப்பான், யாரோ அதைத் தள்ளிக்கொண்டு போய்விடப்போகிற மாதிரி. எப்போது போன் பண்ணினாலும் "அஞ்சு நிமிஷம்க்கா, வந்துட்டேன்" என்பான். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"எங்கடா இருக்கே?" என்று முதல் தடவை கேட்டபோது அதையேதான் சொன்னான். பின்னால் குழந்தைகளின் அழுகையும், யாரோ கேஸ் சிலிண்டரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ரகளை பண்ணுவதும் கேட்டன.

"வண்டியில யாரு?"

"கடலோரத் தெரு ஜனங்கக்கா. மேட்டுப் பள்ளிக்கூடத்துல இறக்கிட்டு நேரா அங்கதான். அஞ்சே நிமிஷம்."

அவள் வீட்டுக்காரர் அதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். அவரும் மகளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மிக்ஸிய எடுத்துக்கவா?"

"எதுக்கு? புயலை அரைக்கவா? பாப்பாவோட சர்டிபிகேட்டு, வீட்டுப் பத்திரம், மாத்திரை, டார்ச். போதும். வையுங்க போனை."

மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, நீ எப்ப வருவே?"

"அஞ்சு நிமிஷம்டா" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "முடிச்சுட்டு வந்துடறேன். அப்பாகூட ஏறு. எனக்காக நிக்காதே."

பக்கத்து நாற்காலியில் இருந்த டீச்சர் சிரித்தார். ரிட்டயர் ஆனவர், சென்டருக்கே மூத்தவர். "அவன்கூடப் பழகிப் பழகி உனக்கும் ஒட்டிக்கிச்சா? அவனோட அஞ்சு நிமிஷத்துல ஒரு வகுப்பே பாஸ் பண்ணிட்டுப் போயிடும்."

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்து, "பாலத்துகிட்ட டிராபிக்" என்றான். பாலம் மேட்டுப் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே இல்லை. பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"அவன் வரமாட்டான்மா" என்றார் டீச்சர், கண்ணை மூடிக்கொண்டே.

"என்ன சொல்றீங்க?"

"போன தடவை ஊசி கழட்டுறப்ப எங்கிட்ட சொன்னான். 'எனக்குத் தண்ணி அவ்வளவா ஏறாது டீச்சர், ஒரு தடவை விட்டாலும் தாங்கும், என் நேரத்தை வேற யாருக்காவது குடுக்கட்டும்'னு. நான் சும்மா பேச்சுக்குச் சொல்றான்னு நெனச்சேன்." பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நீதானேம்மா அப்படிச் சொன்னே?"



சொன்னாள்தான். புயல் செய்தி வந்த அன்று, யாருக்கு எத்தனை மணி நேரம், எந்த மிஷின் என்று மண்டை காய்ந்துகொண்டிருந்தபோது, தராசில் மூன்று கிலோ கூடுதலாக ஏறி நின்ற ஒருவரைத் திட்டுகிற சாக்கில் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தியிருந்தாள்: "தண்ணிய அடக்கத் தெரிஞ்சவங்க ஒரு தடவை விட்டாக்கூடச் சமாளிச்சுக்கலாம். உங்களை மாதிரி குடம் குடமாக் குடிக்கிறவங்களாலதான் எனக்கு நேரம் பத்தல." திட்டுவதற்காகச் சொன்ன பேச்சு. பாதி உண்மை, பாதி எரிச்சல். யாரைத் திட்டினாளோ அவர் அதைத் தட்டி விட்டுவிட்டு இன்று முதல் ஆளாக வந்து கழுவிக்கொண்டு போய்விட்டார். கேட்டு நடந்துகொண்டவன் ஜன்னலோரத்துக்காரன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் தன் வாய்மீதே ஒரு போடு போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தாள். கையுறை போட்டிருந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலை இறக்கினாள். "தம்பி, நெசத்தைச் சொல்லு. நீ வரப்போறதில்லதானே?"

"அக்கா, நான் நல்லா இருக்கேன்க்கா. நேத்துலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. சத்தியமா. வாயி ஒட்டிக்கிச்சு, குடிக்கல. இன்னும் ரெண்டு தெரு ஜனம் ரோட்டுல நிக்குது. பஸ்ஸு வரலியாம். நான் வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டா இவங்கள யாரு ஏத்தறது?"

"சாப்பிட்டியா?"

"அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லக்கா." அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "காசு வாங்க மாட்டேன்னுட்டேனா, ஜனங்க விடல. எல்லாரும் பிரிட்ஜைக் காலி பண்ணிட்டு வர்றாங்க. ஏறுறப்ப ஆளுக்கு ஒண்ணு கையில திணிக்கிறாங்க. தண்ணி, ஜூஸு எதையும் தொடல. பழத்துலயே ஓட்டிட்டேன். வாழைப்பழம் ஒரு சீப்பு காலி. அப்புறம் ஆரஞ்சு."

ஊசியக்கா அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

மற்றவர்களுக்கு வாழைப்பழம் வாழைப்பழம்தான். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கி நஞ்சாகிவிடும். தண்ணீர் ஏறினால் முகம் வீங்கும், மூச்சு வாங்கும், சொல்லிக்கொண்டு வரும். இது சொல்லிக்கொள்ளாமல் வரும். கால் சோரும், நாடி மந்தமாகும், பேசிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிடும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! ஆனால் தராசு காட்டுவது தண்ணீரை மட்டும்தான். தினமும் தராசுக்குப் பயந்து பயந்து, தண்ணீர் ஒன்றுதான் எதிரி என்று அவர்கள் மனசில் பதிந்துவிட்டது. பதிய வைத்தவளும் அவள்தான்.

"காலு எப்படி இருக்கு?"

"காலா? அதான்க்கா, கிளட்சு மிதிக்கவே வரமாட்டேங்குது. தூக்கம் இல்ல பாருங்க."

"வண்டியில இப்ப யாராச்சும் இருக்காங்களா?"

"பள்ளிக்கூடத்து வாசல்ல இருக்கேன். இறங்கிட்டிருக்காங்க."

"ஒருத்தரைக்கூட ஏத்தாதே. கேக்குதா? உன் காலு எந்த நிமிஷமும் விட்டுடும். ஜனத்தை வச்சுக்கிட்டு ஓட்டினா அவங்களையும் சேத்துக் கொல்லுவே. ஓட்டத் தெரிஞ்சவங்க கெடைச்சா கூட்டிட்டு வா, இல்லேன்னா நீயே மெதுவா ஓட்டிட்டு நேரா இங்க வா. பழத்தைத் தூக்கி எறி."

"அக்கா, அந்த ரெண்டு தெரு…"

"போலீஸ் வண்டி ஏத்தும். வாடான்னா வா!"

ஐந்து நாற்காலிகளிலும் பேச்சு நின்றுவிட்டது. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இந்த நோய்க்காரர்களுக்கு ஒருவர் நாற்காலி காலியாவதென்றால் என்னவென்று தெரியும்.

டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார், அங்கேயும் தலைக்கு மேல் வேலை. விஷயத்தைக் கேட்டதும், "இங்க அனுப்பு" என்றவர் அடுத்த மூச்சில், "ஐயோ, பாலத்தை மூடிட்டாங்களே" என்றார். பிறகு என்ன மருந்து, என்ன அளவு, மிஷினுக்கு எந்தக் கலவை என்று மளமளவென்று சொன்னார். "ஒரு மணி நேரம் ஓடினாலே பாதி ஆபத்து போயிடும். ஆனா அங்க கரண்ட் எப்ப வேணாலும் கட் பண்ணுவாங்க. கால்வாய் ஏறிக்கிட்டிருக்கு. உன்னை இருன்னு சொல்ல எனக்கு மனசு வரல. போன்னும் சொல்ல முடியல."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். அளவை மட்டும் திரும்பச் சொல்லுங்க."

சொன்னது தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம் என்றால் அப்படியொரு பயம். மகள் முகம் வந்து நின்றது, அதிசயமாக முகமே வந்தது. சென்டர் வண்டியின் டிரைவர் வாசலில் ஹாரனை விடாமல் அடித்தார். ஐந்து பேருக்கும் ஊசி கழற்றி, கட்டுப் போட்டு, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

டிரைவர், "நீயும் ஏறும்மா, இதுக்கு மேல நான் திரும்பி வரமாட்டேன்" என்றார்.

"நான் அவன் வண்டியில வந்துடறேன்."

"அவனே வருவானான்னு தெரியல, அவன் வண்டியை நம்பி நிக்கிறியே."

டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார். வண்டி போய்விட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. யாருடைய வீட்டுக் கொடியிலோ மறந்துவிட்டுப்போன ஒரு துண்டு மட்டும் கிழிந்துவிடுவதுபோல் படபடத்தது.

வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டினார். "நான் எப்படிப் போறது? பூட்டிட்டுத்தான் போகணும்னு ஆர்டர். நீ உள்ள இருந்தா எங்க பூட்டறது? என் தலையெழுத்து."

"புலம்பாம ஜெனரேட்டர்ல டீசல் எவ்வளவு இருக்குன்னு பாருங்கண்ணே."

"பாத்துட்டேன். அடிமட்டம். அதையும் புலம்பக் கூடாதா?"

அவள் வாசலில் நின்றாள், உள்ளே போனாள், மிஷினைத் தயார் செய்தாள், மறுபடி வாசலுக்கு வந்தாள். அவன் வழியில் எங்கேயாவது ஸ்டியரிங் மீது சாய்ந்து கிடக்கிறானோ என்று மனசு போகாத இடமெல்லாம் போனது. போன் பண்ணலாம் என்றால், எடுக்கிறேன் பேர்வழி என்று எங்கேயாவது மோதிவிடுவானோ என்று பயம். அஞ்சு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வேன் வந்தது. வாசல் தூணில் இடித்துத்தான் நின்றது. அவன் இறங்கவில்லை, இறங்க வரவில்லை. வாட்ச்மேனும் அவளும் ஆளுக்கு ஒரு தோளைக் கொடுத்து இறக்கினார்கள். அந்த நிலையிலும் உள்ளே வந்ததும் பழக்க தோஷத்தில் தராசைப் பார்த்துத் திரும்பினான்.

"அதெல்லாம் வேணாம், வா."

"ஏறிக் காட்டறேன்க்கா."

ஏறினான். கூடுதலாக ஒன்றுமே இல்லை. அத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை, வேறு யாரும் வந்ததில்லை. உதடு வெடித்து வெள்ளையாகத் தோலுரிந்திருந்தது. "பாத்தீங்களா?" என்றான். நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப்போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊசியக்காவுக்கு ஓங்கி ஓர் அறை விடலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

ஜன்னலோர நாற்காலியில் சாய்த்தாள். நாடியைப் பிடித்தாள். விரலுக்கடியில் ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்தாள், இரண்டு ஊசிகளையும் ஏற்றினாள். சிவப்புக் குழாய், நீலக் குழாய். மிஷின் சுழல ஆரம்பித்தது.

"வேனைப் பூட்டலக்கா."

"இந்தப் புயல்ல உன் வேனைத் திருட ஒருத்தன் வந்தா அவனுக்கே குடுத்துடலாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். கால்வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கூரைத்தகடு பறந்துபோய் எங்கேயோ மோதுகிற சத்தம் கேட்டது. அவள் ஒரு கையை அவன் மணிக்கட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று கேட்டாள்.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, தண்ணிய அடக்கத் தெரிஞ்சவங்க விட்டுக்குடுக்கலாம்னு."

"நான் கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டா. உன்னைச் சொல்லல."

"எல்லாருக்கும்தான் சொன்னீங்க." அவன் ஜன்னலைப் பார்த்தான். "உங்க பேச்சை எப்பக்கா தட்டியிருக்கேன்? லேட்டாத்தான் வருவேன். தட்டினதில்ல."

அவள் மறு கையால் குழாயைச் சரிசெய்தாள். தப்பு தன்மீதுதான், இவன் பிழைத்தாலும் தன்மீதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பாதிக்கும் மேல் ஓடியிருக்கும், விளக்கெல்லாம் பொசுக்கென்று போயிற்று. வாட்ச்மேன் பின்பக்கம் ஓடினார். ஜெனரேட்டர் இருமி, செருமி, பிடித்துக்கொண்டது. மிஷின் திரும்ப உயிர் பெற்றது. வாட்ச்மேன் முழங்கால்வரை நனைந்து வந்தார்.

"கொல்லைப்பக்கம் தண்ணி வந்துடுச்சும்மா. ஜெனரேட்டரோட காலை நக்கிட்டு நிக்குது."

"கொஞ்ச நேரம்ணே. கொஞ்சமே கொஞ்ச நேரம்."

நாடி இப்போது பரவாயில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அவள் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் காலை அசைக்கச் சொன்னாள். அசைத்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசுக்குள் மிஷினைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கதவுக்கடியிலிருந்து ஒரு தண்ணீர்க் கோடு மணல் மூட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து தராசின் அடியில் நுழைந்தது.

ஜெனரேட்டர் நின்றது. இந்தத் தடவை திரும்ப இருமவில்லை.

மிஷினின் பேட்டரி கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்தியது, பிறகு அதுவும் ஓய்ந்தது. அவன் உடம்பின் ரத்தம் ஒரு பங்கு வெளியே குழாயில் நின்றுகொண்டிருந்தது. அப்படியே நின்றால் உறைந்துவிடும். அதற்கென்று மிஷினில் ஒரு கைப்பிடி உண்டு. பயிற்சியில் ஒரு தடவை சுற்றிப் பார்த்ததோடு சரி.

"அண்ணே, டார்ச்சை இங்க காட்டுங்க. குழாயில. ஆடாமக் காட்டுங்க."

"என் கை தானா ஆடுது தாயி."

சுற்றினாள். வேகமாகச் சுற்றக் கூடாது, குழாயில் ஒரு குமிழி காற்றுகூட உள்ளே போகக் கூடாது. மெதுவாகச் சுற்றினால் வெளியே காற்று ஊளையிடுகிறது, காலடியில் தண்ணீர் ஏறுகிறது. தையல் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிக் காலருக்கு முனை திருப்புவாளே, அந்தப் பொறுமையை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டாள். பின்னாலேயே உப்புநீர் தள்ளிக்கொண்டு வர, சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, குழாய் முழுக்கத் தெளிந்தது. ரத்தம் முழுவதும் உடையவனிடமே போய்ச் சேர்ந்தது. ஊசிகளை உருவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினாள்.

அவன் எழுந்து நின்றான். அவனாகவே நின்றான்.

"ஓட்டிடுவேன்க்கா."

"மண்ணாங்கட்டி. உக்காரு பின்னால. அண்ணே, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

வாட்ச்மேன் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு காலத்துல ஓட்டியிருக்கேன்."

"எந்தக் காலத்துல?"

"அதைக் கேக்காதே."

அந்தப் பயணத்தை ஊசியக்கா பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாலும், அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கயிறு கட்டிய கதவை அவள் ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள், இன்னொரு கை அவன் நாடியில். மழை கண்ணாடியில் வாளி வாளியாக அடித்தது. மரம் ஒன்று பாதித் தெருவை அடைத்துக் கிடந்தது. வேன் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் பின்னாலிருந்து வண்டி முதலாளி கத்தினான்: "கிளட்ச மிதிச்சிட்டுப் போடுய்யா கியரை! ஐயோ என் வண்டி!" கத்தக் கத்த அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கத்துகிறவனுக்கு உயிர் இருக்கிறது.

மேட்டில் ஏறும்போது வண்டி இரண்டு தடவை பின்னால் சறுக்கியது. மூன்றாவது தடவை பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது, நின்றதும் என்ஜின் அணைந்துவிட்டது.

ஹாலில் காலை வைக்க இடமில்லை; அந்த இரண்டு தெரு ஜனமும் போலீஸ் வண்டியில் வந்து சேர்ந்திருந்தார்கள். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் பின்னால் நின்றார், கக்கத்தில் மிக்ஸி. அவள் அதைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், மணிக்கட்டில் அல்ல, கையை.

அப்போதுதான் பார்த்தாள். உதவிக்கு வந்தவர்கள் கூடையோடு வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அவளுடைய ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் ஏற்கெனவே பாதித் தோலை உரித்துவிட்டார்.

"என் ஆளுங்க யாரும் பழத்தைத் தொடக் கூடாது!"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேரும் திடுக்கிட்டுப் பழத்தைக் கீழே வைத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. பிறகு அவள் தோளில் சாய்ந்து வருகிறவனைப் பார்த்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சுவரோரம் இடம் பண்ணி அவனை உட்கார வைத்தார்கள். அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன்மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

"அக்கா, இப்ப ஒரு வாய் தண்ணி குடிக்கலாமா?"

அவள் டம்ளரில் பாதிவரை ஊற்றிக்கொண்டு வந்தாள். தன் வாழ்க்கையில் அவள் ஒரு நோயாளிக்குத் தன் கையால் தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவன் ஒரு வாய் குடித்தான். உடனே விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தான். மெதுவாக விழுங்கிவிட்டு, டம்ளரை அவளிடமே திருப்பி நீட்டினான்.

"போதும்க்கா. டீச்சருக்கும் தாகமா இருக்கும். மிச்சத்தை அவங்களுக்குக் குடுங்க."

"வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்." டம்ளரை அவன் வாய்ப்பக்கமே திருப்பினாள். "இது உன் பங்கு. உன் பங்கை நீ யாருக்கும் விட்டுக்குடுக்க வேணாம். நானே சொன்னாலும் குடுக்காதே. குடி."

அவன் குடித்தான். கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவள் டம்ளரின் அடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.